மாலை ஐந்து மணித் திருப்பலி



நமது மாதாந்தரத் தமிழ்த் திருப்பலி ஞாயிறு காலையிலிருந்து மாலை ஐந்து மணிக்கு ஏன் மாறியது என்று பாஸ்டனுக்குப் புதிதாகக் குடிவந்தோர் அவ்வப்போது வினவுகின்றனர். காரணம் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம். கூறினால் நகைப்பீர்கள் என்றே இதுவரை கூறாதிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மறையுரையொன்றில், ஞாயிறு காலையில் பிள்ளைகளைப் பனித்தளத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரைக் கடுமையாகச் சாடினேன். பலிபீடத்தைவிடப் பனிக்கட்டி பெரிதாயிற்றோ என்று கேட்டேன். அவ்வரியை எழுதியபோது எனக்குச் சற்றுப் பெருமிதமும் இருந்தது. நம்மிடையே அத்தகைய குடும்பம் ஒன்றே ஒன்றுதான் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கோவிலில் இருந்த ஏனையோர் எண்ணினர். திரும்பியும் பார்த்தனர். மறு மாதம் முதல் அக்குடும்பம் வரவில்லை. மகனுக்கு அப்போது பதினைந்து வயது. தன் அணியின் கோல் காவலன்.

2023 மார்ச் மாதத்தில் அவன் தந்தை தொலைபேசியில் அழைத்தார். "சாமி, கார்டன்ல ஃபைனல். ஒரு டிக்கெட் கூட இருக்கு. வர்றீங்களா?" மறையுரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஹாக்கி ஈஸ்ட் என்பது நியூ இங்கிலாந்தின் பதினொரு கல்லூரிகளின் கூட்டமைப்பு. குளிர்காலம் முழுவதும் ஆடிச் சேர்த்த புள்ளிகள் மார்ச் மாதத்தில் வரிசையைத்தான் தரும். அதன்பின் ஓர் ஆட்டத்தில் தோற்றாலும் கோப்பை இல்லை. அரையிறுதிகளும் இறுதி ஆட்டமும் டி.டி. கார்டன் அரங்கில். வெல்பவருக்கு, பதினாறு அணிகள் மோதும் தேசியப் போட்டியில் நேரடி இடம்.

மார்ச் 18, சனிக்கிழமை. ஒருபுறம் பாஸ்டன் பல்கலைக்கழகம். மறுபுறம் நார்த் ஆண்டோவரில் 1947-இல் அகுஸ்தினார் சபையினர் நிறுவிய மெரிமாக் கல்லூரி. (இன்றைய திருத்தந்தை லியோவின் சபைதான், அன்று அதை யார் நினைத்தோம்?) 1989-இல் இக்கூட்டமைப்பில் சேர்ந்த அக்கல்லூரி, 2011-இல் ஒருமுறை இறுதிவரை வந்து பாஸ்டன் கல்லூரியிடம் தோற்றது. கோப்பையை அதுவரை தொட்டதில்லை. என் மனம் எப்பக்கம் சாய்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

பக் எங்கே போகிறது என்பதே முதலில் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. "பக்கைத் தேடாதீங்க ஃபாதர், கோலியோட தோளைப் பாருங்க" என்றான் பையன். அன்று அவன் என்னிடம் பேசிய முதல் சொற்கள் அவையே.

அறுபது நிமிடம் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. இனி கோல் விழும்வரை ஆட்டம் நிற்காது என்று விளக்கினான். 2015-இல் இதே போட்டியின் முதற்சுற்றில், நோத்ர டேம் பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமும் ஐந்தாவது கூடுதல் நேரம்வரை, நள்ளிரவு கடந்தும் ஆடினவாம். மொத்தம் 151 நிமிடங்களுக்கு மேல். நோத்ர டேம் கோல் காவலர் கால் பீட்டர்சன் 87 முறை தடுத்தார், தடுத்தும் தோற்றார். அந்நாளில் முதற்சுற்று மூன்று ஆட்டங்கள் கொண்டது. அவர் அணி அடுத்த இரண்டையும் வென்று மேலே சென்றது. "87, ஃபாதர்" என்று மறுபடியும் சொன்னான். ஒரு புனிதரின் வரலாற்றை நான் சிறுவர்க்குச் சொல்லும்போது என் குரலில் அத்தனை பக்தி இருந்ததில்லை.

கூடுதல் நேரத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் லேன் ஹட்சன் கோல் அடித்தார். மூன்றுக்கு இரண்டு. பனியின்மேல் கையுறைகளும் தலைக்கவசங்களும் சிதறின. அரங்கு முழுவதும் வென்றவர்களைப் பார்க்க, பையன் மட்டும் எதிர்ப்புறம் தனித்து நின்ற மெரிமாக் கோல் காவலரையே பார்த்துக்கொண்டிருந்தான். இரு அணியினரும் வரிசையாக வந்து கைகுலுக்கி முடியும்வரை அவன் இருக்கையில் அமரவில்லை. நானும் அமரவில்லை.

அரங்கின் அடியிலேயே நார்த் ஸ்டேஷன். தொடர்வண்டியில் மெரிமாக் மாணவர்கள் சிலர் சோர்ந்து அமர்ந்திருந்தனர். மறுநாள் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. பிறவியிலேயே பார்வையற்றவர் கண் பெற்ற நற்செய்தி. மறையுரைத் தாள் என் மேலங்கிப் பையில் இருந்தது. அதைக் கையால் நெருடியபடியே, அன்று நான் பேசியது தவறு, என்னை மன்னித்துவிடு என்று அவனிடம் சொன்னேன். தந்தை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன் இரண்டு நிறுத்தங்கள்வரை பேசவில்லை. பிறகு சொன்னான்:

"சண்டே சாயங்காலம் எங்களுக்கு ஐஸ் கிடையாது, ஃபாதர்."