சுபத்திரையின் தூக்கம்

சந்தவாசலைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மனுக்கு அக்னி வசந்த விழா எடுத்தால், நோட்டீசில்தான் அந்தப் பெயர் இருக்கும். சனங்கள் 'பாரதம்' என்றுதான் சொல்வார்கள். பகலில் பிரசங்கியார் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து கதை சொல்வார். ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து. சுபத்திரை கல்யாணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு என்று ராத்திரிக்கு ஒரு கதை. கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம், சாயங்காலம் தீமிதி.

2024-இல் பக்கத்து ஊரில் பாரதம் நடந்தது. அம்மா எதற்கும் வெளியே போகாமல் இருந்த காலம் அது. ஒரு நாள் அவளாகவே கேட்டாள்: "அபிமன்னன் சண்டை என்னிக்கு பாப்பா?"

எனக்குப் பகீரென்றது. எந்தக் கதையை அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தேனோ அதையே கேட்டாள்.

என் தம்பி 2022 மே மாதம் இறந்தான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. மாமா வீட்டுக்கு வந்து வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, சாவியை ஆணியில் மாட்டியிருந்தார். மத்தியானம் இரண்டு மணி. அம்மா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து மாடு கறந்து, பால் ஊற்றிவிட்டு, களையெடுக்கப் போய்த் திரும்பி, சோறாக்கி, எல்லாருக்கும் போட்டுவிட்டுத் திண்ணையில் தலை சாய்த்திருந்தாள். தம்பி அவளைத் தாண்டிப் போய்ச் சாவியை எடுத்தான். வேலூர் சாலையில் இரண்டு சிநேகிதர்களோடு யார் முந்துவது என்று பந்தயம். லாரிக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தவனால் நிறுத்த முடியவில்லை.

சாவு வீட்டில் முதல் மணி நேரத்திலேயே அந்தப் பேச்சு கிளம்பிவிட்டது. "பெத்தவ கண்ணு முழிச்சிக்கினு இருந்திருந்தா புள்ள போயிருக்குமா?" ஒப்பாரிக்கு நடுவில் ஒரு பெரியம்மா சொன்னார். பிறகு அத்தை சொன்னார். பதினாறாம் நாள் காரியத்துக்குள் அது எங்கள் குடும்பத்தின் தீர்ப்பாகிவிட்டது: அவள் தூங்கினாள், அவன் செத்தான்.

பதினாலு வயதில் அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது மாமா. ஏரிக்கரையில் அவன் கையை விட்டுவிட்டு ஓட்டியதைப் பார்த்து, "நம்ம வீட்டு சிங்கம்" என்று சிரித்தது அப்பா. கிணற்றுச் சுவர்மேல் நின்று குதித்தாலும், வாத்தியாரை எதிர்த்துப் பேசினாலும், "ஆம்பளப் புள்ளன்னா துடுக்கு இருக்கத்தான் செய்யும்" என்று ஊரே சொன்னது. அதே வயதில் நான் ஒரு ஆடி வெள்ளிக்கு யாரிடமும் சொல்லாமல் சைக்கிளில் படவேடு போய் வந்தேன். அன்று வாங்கிய அடியின் தழும்பு முழங்காலுக்குக் கீழே இன்னும் இருக்கிறது. எனக்குத் துடுக்கு என்று யாரும் சொல்லவில்லை. 'அடங்காதது' என்றார்கள்.

கியர் வண்டிக்கு உரிமம் வாங்கப் பதினெட்டு வயது ஆக வேண்டும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர்கள் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர் பொறுப்பு. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். சட்டம் வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் எழுப்பவில்லை. யார் தூங்கினார்கள் என்பதுதான் அங்கே கேள்வி.

அம்மாவுக்கு முன்னால் அந்தப் பழியைச் சுமந்தவள் சுபத்திரை. நாம் எல்லாரும் சின்ன வயதில் கேட்ட கதைதான். சுபத்திரை கர்ப்பமாக இருக்கிறாள். கிருஷ்ணன் அவளுக்குச் சக்கர வியூகத்தை உடைத்து உள்ளே போகும் வழியைச் சொல்கிறான். அவள் 'உம்' கொட்டிக்கொண்டே தூங்கிப்போகிறாள். வயிற்றுக்குள் இருந்து பிள்ளை 'உம்' கொட்டுகிறது. கிருஷ்ணன் அதைக் கண்டுபிடித்துக் கதையை நிறுத்திவிடுகிறான். அதனால் அபிமன்யுவுக்கு உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. கதை சொன்னவன் அர்ச்சுனன் என்பாரும் உண்டு. சொன்னவன் மாறினாலும் தூங்கியவள் மாறுவதில்லை.

தம்பி போன பிறகு மகாபாரதத்தின் துரோண பருவத்தைத் தேடிப் படித்தேன். பதின்மூன்றாம் நாள் போர். அர்ச்சுனனையும் கிருஷ்ணனையும் சம்சப்தகர்கள் வேறு பக்கம் இழுத்துப் போய்விட்டார்கள். துரோணர் வியூகம் வகுத்து நிற்கிறார். களத்தில் மிச்சமிருப்பவர்களில் அதை உடைக்கத் தெரிந்தவன் அந்தப் பையன் ஒருவன்தான். தருமன் அவனைக் கேட்கிறான். உள்ளே போக அப்பா கற்றுக்கொடுத்திருக்கிறார், ஆபத்து வந்தால் என்னால் வெளியே வர முடியாது என்று அபிமன்யு வெளிப்படையாகச் சொல்கிறான். அம்மாவின் தூக்கத்தைப் பற்றி அங்கே அவன் ஒன்றும் சொல்லவில்லை. நீ வழியைத் திற, நாங்கள் பின்னாலேயே வருகிறோம் என்று பெரியவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். தேரோட்டி சுமித்திரன் மட்டும் தயங்குகிறான்: இது பெரிய பாரம், யோசித்துச் செய். பையன் சிரித்துவிட்டுத் தேரை விடச் சொல்கிறான்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. ஹெல்மெட் போடு என்றால் என் தம்பி அப்படித்தான் சிரிப்பான்.

பின்னால் வருவதாகச் சொன்னவர்களைச் சயத்ரதன் சிவனிடம் வாங்கிய வரத்தால் தடுத்துவிடுகிறான். உள்ளே பெரிய வீரர்கள் பலர் சேர்ந்து ஒரு பையனைச் சூழ்கிறார்கள். துரோணர் யோசனை சொல்ல, கர்ணன் அவன் வில்லை அறுக்கிறான். தேர், குதிரை, வாள் எல்லாம் போனபின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கடைசியில் துச்சாதனன் மகன் கதையால் தலையில் அடிக்கிறான். பாதி கற்றுக்கொடுத்தவர், அனுப்பியவர், வருகிறேன் என்று வராதவர், சூழ்ந்து நின்று கொன்றவர் எல்லாரும் ஆண்கள். இத்தனை பேர் பெயர் இருக்க, சனங்கள் வாயில் நின்றது ஒரு கர்ப்பிணியின் அசதி.

அந்தச் சுபத்திரை தூங்குமூஞ்சி இல்லை. மகாபாரதத்தின் தென்னாட்டுப் பாடத்தில், அர்ச்சுனனோடு புறப்பட்டபோது தேர்க் கடிவாளத்தைப் பிடித்து ஓட்டியவளே அவள்தான். மகன் செத்த ராத்திரி தேற்ற வந்த கிருஷ்ணனின் முன்னால் அவள் விதியை மட்டும் நொந்துகொண்டு அழவில்லை. பீமனின் பலம் எதற்கு, அர்ச்சுனனின் வில் எதற்கு என்று பெயர் சொல்லிச் சீ என்கிறாள். அந்தக் கோபம் எந்தப் பாட்டியும் எனக்குச் சொல்லாத கதை.

எங்கள் மண்ணில் இது ஒன்று மட்டுமில்லை. சந்தவாசலில் இருந்து மலைப் பக்கம் போனால் படவேடு. அங்கே ரேணுகாம்பாளின் தலையைக் கும்பிடுகிறோம். வானத்தில் போன கந்தர்வனின் நிழலை ஆற்றுத் தண்ணீரில் ஒரு நொடி பார்த்தாள். பச்சை மண் குடம் உடைந்தது. அப்பன் சொன்ன உடனே பரசுராமன் பெற்றவளின் தலையை வெட்டினான். வெட்ட மறுத்த அண்ணன்மார் இல்லை, யோசிக்காமல் வெட்டிய தம்பிதான் அங்கே நல்ல பிள்ளை. ஒருத்தி ஒரு நொடி பார்த்தாள், ஒருத்தி ஒரு நொடி கண் அசந்தாள். கத்தியும் கதையும் எடுத்த பிள்ளைகளின் அவசரத்துக்கு வீரம் என்று பெயர். அம்மாக்களின் ஒரு நொடிக்கு மட்டும் கணக்கு.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக எழுதும் நான் அன்றைக்கு என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். தம்பியை எடுத்துப் போன அன்று ராத்திரி, அடுப்படியில் தனியாக இருந்த அம்மாவிடம் போய் நானும் கேட்டேன்: "ஏம்மா தூங்கின?" அவள் பதில் சொல்லவில்லை. மறுநாளில் இருந்து பகலில் படுப்பதை விட்டுவிட்டாள். மே மாத வெயிலிலும் திண்ணையில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருப்பாள். கண் செருகினால் எழுந்து போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வாள். அப்படி இரண்டு வருடம்.

கூத்துக்குப் பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போனோம். நாற்பது வயதுக்காரர் ஒருவர் அபிமன்னன் வேஷம் கட்டியிருந்தார். கிரீடம், புஜக்கட்டை, காலில் சலங்கை. திரைக்குப் பின்னால் இருந்து குதித்து வந்து சுழன்று ஆடியபோது பதினாறு வயது என்று நம்பத்தான் தோன்றியது. கட்டியங்காரன் கேட்டான்: "உள்ள போவத் தெரியும்ன்ற, வெளிய வரத் தெரியாதுன்ற, இன்னாப்பா இது?"

"எங்கம்மா தூங்கிட்டாங்கப்பா."

கூட்டம் சிரித்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு, பக்கத்துப் பாய்க்காரிகளுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கத சொன்னவன் அவ மூஞ்சியப் பாத்துக்கினுதான சொன்னான்? தூங்குறான்னு தெரிஞ்சா தட்டி எழுப்பறது. புள்ளத்தாச்சி தூங்கத்தான் செய்வா."

பக்கத்துப் பாயில் ஒரு கிழவி, "அத்த கேளு" என்றாள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் பேசவில்லை. கூத்து நடந்துகொண்டிருந்தது.

நான் அவளிடம் அப்போதுதான் சொன்னேன். "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா."

அவள் மேடையைப் பார்த்துக்கொண்டே, "நாலு மணிக்கு எழுந்தவ பாப்பா நானு" என்றாள். என்னை மன்னித்தாளா என்று அதில் தெரியவில்லை. அவள் சொன்னது தன் கணக்கை.

மூன்று மணிக்கு மேல் மலைப் பக்கம் இருந்து குளிர் இறங்கியது. மேடையில் சயத்ரதன் வழியை அடைத்துக்கொண்டு நின்றான். அம்மா மெல்லச் சாய்ந்து, என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். கிழவி என் தோளைத் தொட்டு, "எழுப்பு, இப்பத்தான் பையன் சாவுற கட்டம்" என்றாள்.

"தூங்கட்டும் ஆயா" என்று போர்வையை இழுத்து மூடினேன்.