ரிமூவ் பண்ணியாச்சு... ஆனா, அளவெல்லாம் அப்படியே இருக்கு!

மொபைலில் ஒரு ஆப் வேண்டாம் என்றால் என்ன செய்வோம்? அழுத்திப் பிடித்து 'அன்இன்ஸ்டால்' கொடுப்போம். ஐகான் மறைந்ததும் நிம்மதியாகிவிடுவோம். ஆனால், லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் டேட்டாபேஸ் வேறு மாதிரி விருந்தாளி. ஆள் கிளம்பிவிடுவார், பெட்டி நம் வீட்டிலேயே இருக்கும்.

இது எனக்குப் புரியவந்தது என் அத்தையின் தையல் கடையில். கும்பகோணத்தில் சின்னக் கடை. சில வருடங்களுக்கு முன் அத்தை மகன் அங்கிருந்த கம்ப்யூட்டரில் உபுண்டு போட்டு, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் கணக்கு எழுத வசதி செய்து கொடுத்தார். இரண்டுமே இலவசம். 1995-ல் வந்த இந்த மென்பொருளின் பெயரில் இருக்கும் 'மை', அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸின் மகள் பெயர். அத்தைக்கு அதெல்லாம் தெரியாது. கஸ்டமர் பெயர், போன் நம்பர், பாக்கி, ப்ளவுஸ் அளவு எல்லாம் அதில் இருக்கின்றன என்பது மட்டும் தெரியும்.

சமீபத்தில் புது லேப்டாப் வாங்கினார். பழைய கம்ப்யூட்டரை அடுத்த தெருவில் பத்தாவது படிக்கும் பையனுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. சர்வீஸுக்கு வந்தவர், "டேட்டாபேஸை ரிமூவ் பண்ணிட்டேன்க்கா, தாராளமா குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தை எனக்கு போன் செய்தபோது குரலே சரியில்லை. "இன்னும் புதுசுல ஏத்தவே இல்லடி. இத்தனை வருஷ அளவும் போச்சா?"

வார இறுதியில் ஊருக்குப் போய்ப் பார்த்தேன். உபுண்டுவில் 'ரிமூவ்' என்ற கட்டளை மென்பொருளை மட்டும்தான் எடுக்கும். செட்டிங்ஸ் ஃபைல்கள் தங்கிவிடும். தகவல்கள் இருக்கும் ஃபோல்டரையும் தொடாது. 'வார்', அதற்குள் 'லிப்', அதற்குள் 'மைஎஸ்க்யூஎல்' என்று போனால் எல்லாம் பத்திரமாக இருந்தன. அதே வெர்ஷனை மறுபடி இன்ஸ்டால் செய்தேன். எதுவுமே நடக்காதது போல அத்தனை பெயர்களும் வந்து நின்றன.

அத்தை முகத்தில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே மறைந்தது.

"அப்படின்னா, நேத்தே குடுத்திருந்தா அந்தப் பையன் வீட்டுக்கு இதெல்லாம் சேர்ந்து போயிருக்குமா?"

"போயிருக்கும் அத்தை."

"பொம்பளைங்க அளவுடி இது. என்னை நம்பித்தானே குடுக்கிறாங்க!"

அதன் பிறகு எதையும் அவசரமாகச் செய்யவில்லை. முதலில் 'மைஎஸ்க்யூஎல் டம்ப்' மூலம் முழு நகல் எடுத்து, பென்டிரைவில் போட்டு, புது லேப்டாப்பில் ஏற்றினேன். காப்பி ஆகிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னால் போதாதாம் அத்தைக்கு. பழைய நோட்டை எடுத்துவந்து, நாலைந்து பேரின் கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தார். தேர்ந்த நிபுணர்களும் இதைத்தான் சொல்வார்கள்: திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை.

பிறகுதான் பழைய கம்ப்யூட்டரில் 'பர்ஜ்' கட்டளை. இது செட்டிங்ஸையும் சேர்த்துத் துடைக்கும். "டேட்டாபேஸ்களையும் அழிக்கட்டுமா?" என்று நடுவில் ஒரு கேள்வி வந்தது. அத்தையே 'யெஸ்' கொடுத்தார். கடைசியாக 'ஆட்டோரிமூவ்' கொடுத்து, துணைக்கு வந்து வேலையில்லாமல் கிடந்த பேக்கேஜ்களையும் நீக்கினோம்.

அத்துடனும் முடியவில்லை. அழித்த ஃபைலின் இடத்தில் வேறு எழுத்து விழும்வரை, மீட்டெடுக்கும் மென்பொருளால் அதை எடுத்துவிட முடியும். அதனால் ஹார்டு டிஸ்க் முழுக்க மேலே மேலே எழுதவிட்டு, மறுநாள் காலை புதிதாக உபுண்டு போட்டோம். பையனுக்குச் சுத்தமான கம்ப்யூட்டர் கிடைத்தது.

உங்கள் கடையிலோ, கிளினிக்கிலோ, டியூஷன் சென்டரிலோ பழைய கம்ப்யூட்டரைக் கைமாற்றப் போகிறீர்களா? "ரிமூவ் பண்ணியாச்சா?" என்று கேட்காதீர்கள். "நகலைத் திறந்து பார்த்தாச்சா? டேட்டா ஃபோல்டர் போயிடுச்சா? டிஸ்க்கைத் துடைச்சாச்சா?" என்று மூன்றாகக் கேளுங்கள். அதில் இருப்பது உங்கள் கணக்கு மட்டும் அல்ல, உங்களை நம்பி வந்தவர்களின் விவரமும்தான்.