செவ்வாய்க் கல்லும் செய்தியின் தரமும்

செய்தி ஒன்று வந்தால், அதனைக் கொணர்ந்தவர் யார், எவரிடமிருந்து பெற்றார், அவருடைய நினைவாற்றல் எத்தகையது என்று வினவிய பின்னரே ஏற்க வேண்டும் என்பது ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத் தந்த ஒழுங்கு. மத்ரஸாவில் நெடுங்காலமாக அக்கலையைப் பயிற்றுவித்து வரும் நாம், அதே ஒழுங்கின் சாயலை எதிர்பாராத ஓரிடத்தில் கண்டோம். பூமிக்கு அப்பால் உயிர்கள் உண்டா என்று ஆராயும் விஞ்ஞானிகளின் கூடமே அவ்விடம்.

அண்டார்டிகாவின் பனிவெளியில், ஆலன் குன்றுகள் என்னுமிடத்தில், 1984 டிசம்பரில் ஒரு விண்கல் கிடைத்தது. அதன் எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது செவ்வாய்க் கோளிலிருந்து சிதறிய கல் என்பதும், பூமியில் விழுந்து ஏறத்தாழ 13,000 ஆண்டுகள் ஆயின என்பதும் பின்னர் தெளிந்தன. 1996 ஆகஸ்டில் டேவிட் மெக்கே தலைமையிலான ஆய்வாளர்கள், நுண்ணுயிர்கள் வாழ்ந்த சுவடுகள் அக்கல்லில் இருக்கக் கூடும் என்று அறிவித்தனர். அறிவிப்பு மேடையிலேயே மாற்றுக் கருத்து உரைப்பதற்காக வில்லியம் ஸ்கோப் என்ற தொல்லுயிரியல் அறிஞரும் அமர்ந்திருந்தார். அதுபற்றிப் பேசிய அமெரிக்க அதிபர் கிளின்டனும் ‘உறுதிப்படுமாயின்’ என்றே பேசினார்.

நம் வட்டாரத்திலோ அந்த ‘ஆயின்’ வழியிலேயே உதிர்ந்துவிட்டது. பள்ளிவாசல் ஒன்றில் சொற்பொழிவாற்ற வந்த அன்பர், செவ்வாயில் உயிரைக் கண்டுவிட்டார்கள், ஷூரா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் இன்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று முழங்கினார். கூட்டத்தில் தக்பீர் ஒலித்தது. சில ஆண்டுகள் சென்றன. கல்லில் கண்ட சுவடுகள் உயிரின் துணையின்றியும் தோன்றக் கூடியவையே என்ற கருத்து அறிஞரிடையே வலுப்பெற்றது. அக்காலத்தில், கல்லூரியில் அறிவியல் பயின்று வந்த நம் பழைய மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், கல் பொய்த்துவிட்டது என்கிறார்களே! அன்று அதன்மேல் ஏற்றிச் சொன்ன வசனத்தை நான் என்னவென்று எண்ணுவது?” என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். அப்பிள்ளை ஐயத்தைத் தேடிப் போகவில்லை. ஈமானுக்கு வலுச் சேர்ப்பதாக எண்ணியவரே அச்சுமையை அவர் தோளில் ஏற்றிவிட்டார்.

அவ்வசனம், வானங்களையும் பூமியையும் படைத்து, அவ்விரண்டிலும் உயிரினங்களைப் பரவச் செய்ததை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. முற்கால விரிவுரையாளரான முஜாஹித் அவர்கள் அதற்கு மனிதர்களும் வானவர்களும் என்று பொருள் கொண்டார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லினும் பூமியையே அது குறிக்கும் என்றனர் சிலர். வானிலும் ஊர்வன இருத்தல் கூடும் என்று இடம் விட்டோரும் உளர். செவ்வாயில் உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ்வசனத்திற்கு யாதொரு குறையும் இல்லை. இதனை எடுத்துரைத்த பின்னரே மாணவரின் முகம் தெளிந்தது.

இனி, ஆய்வாளரின் நிதானத்தைக் காண்போம். 1976இல் வைக்கிங் என்னும் பெயருடைய இரு கலங்கள் செவ்வாயில் இறங்கின. பூமியின் கிருமிகள் உடன்சென்று பொய்ச்சாட்சி கூறிவிடலாகாது என்பதற்காக, புறப்படுமுன் அவற்றை உயர்ந்த வெப்பத்தில் பல மணி நேரம் வைத்துத் தூய்மை செய்திருந்தனர். செவ்வாய் மண்ணில் ஊட்டநீரைச் சொட்டியபோது வாயு வெளிப்பட்டது. 160 பாகை வெப்பத்தில் சுட்ட மண்ணிலோ அவ்வாறு வெளிப்படவில்லை. அச்சோதனையை வகுத்த கில்பர்ட் லெவின் அதனை உயிரின் அடையாளம் என்றார். ஆனால் மற்றொரு கருவி அம்மண்ணில் உயிர்க்குரிய கரிமப் பொருளைக் காணவில்லை. பெரும்பாலோர் அதனை வெறும் வேதிவினை என்றே கொண்டனர். 2008இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டது. சுடும்போது கரிமப் பொருளை அழிக்கவல்லது அவ்வுப்பு. வைக்கிங் கருவியோ மண்ணைச் சுட்டே சோதித்தது. எனவே, சாட்சி சொன்ன கருவியின் தகுதியே மறு ஆய்வுக்கு உள்ளாயிற்று. அறிவிப்பாளரின் தகுதியை எடைபோடும் நம் ஜர்ஹ் தஅதீல் கலையை இது நினைவூட்டவில்லையா?

2021இல் நாசா அறிஞர்கள் ‘நேச்சர்’ இதழில் ஏழு படிகள் கொண்ட ஓர் அளவுகோலை முன்மொழிந்தனர். ஓர் அடையாளத்தைக் காண்பது முதற்படி மட்டுமே. வெளிக்கலப்பு இல்லை என்று தெளிதல், உயிரின்றித் தோன்றும் வழிகளை ஒவ்வொன்றாக விலக்குதல், வேறொரு தனிச்சான்று துணைநிற்றல் என அது மேலே செல்கிறது. ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் என்று தரம் பிரித்த முன்னோரும், தனி அறிவிப்புக்கு வேறு வழியில் துணை அறிவிப்பு உண்டா என்று தேடி ஊர் ஊராய் நடந்தவர்களே. ஹதீஸ் சான்றோரின் வழி வருகிறது. விஞ்ஞானம் கல்லையும் மண்ணையும் சாட்சியாக்குகிறது. வகை வேறாயினும் எச்சரிக்கை ஒன்றே.

2024 ஜூலையில் பெர்சவரன்ஸ் ஊர்தி, செவ்வாயின் ஜெசீரோ பெருங்குழியை அடுத்த பண்டைய ஆற்றுத் தடத்தில், சிறுத்தைத் தோல்போல் புள்ளிகளுடைய பாறை ஒன்றைக் கண்டது. 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வுரை அப்புள்ளிகளை உயிரின் அடையாளமாக ‘இருக்கக் கூடியவை’ என்று மட்டுமே கூறிற்று. நம் முஃப்திகள் தீர்ப்பின் அடியில் ‘வல்லாஹு அஃலம்’ என்று எழுதுவது போன்ற அடக்கம் அச்சொல்லில் உள்ளது.

இத்தகைய செய்தி நாளையும் நம் இல்லங்களுக்கு வரும். பிள்ளைகள் அதனை வியப்போடு வாசிக்கட்டும். வானத்தை உற்று நோக்கிச் சிந்திப்பது இபாதத்தைச் சார்ந்ததே. ஆயின், செய்தி எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்கவும் அவர்களைப் பழக்குவோம். அதுவரை வசனத்தை அதன் மாண்புக்குரிய இடத்திலேயே விட்டுவைப்போம்.