அண்ணன் வாங்கிய பழைய ஜீப்

என் அண்ணனுக்கு 19 வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு வருடமாக வேலைக்குப் போகிறான். அவன் கூட்டாளிகள் எல்லாம் பைக் கேட்டார்கள். இவனுக்கு மட்டும் ஜீப் ஆசை. எங்கள் போடிப் பக்கம் அது அதிசயம் இல்லை. விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் கேரளா மலைக்கு ஆள் ஏற்றிப் போவது ஜீப்தான். எங்க அம்மாவும் அதில்தான் போய் வருகிறார்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த வண்டி ஜீப். 1947இல் மகிந்திரா கம்பெனி அதை நம் நாட்டில் பூட்டித் தர ஆரம்பித்தது. அண்ணன் ஆசைப்பட்டது 2003இல் பதிவான எம்.எம். 540. அதில் கியர் ராடு பக்கத்தில் இன்னொரு சின்ன ராடு இருக்கும். அதைப் போட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேற்றிலும் கரட்டு மேட்டிலும் ஏறும். ஆனால் காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டக் கூடாதாம், உள்ளே பல்சக்கரம் கெட்டுவிடுமாம். மலையடிவாரத்தில் நாங்கள் குத்தகைக்கு எடுத்த மாந்தோப்புக்கு வேறு வண்டி போகாது. மாங்காய் இறக்கும் வாடகையிலேயே பாதி லாபம் போய்விடும்.

விலை 2,10,000 ரூபாய். அதில் 1,50,000 அம்மா ஐந்து வருடம் கட்டிய சீட்டுப் பணம். ஒழுகுகிற வீட்டுக்குத் தளம் போட வைத்திருந்தது. அதனால் அம்மா, "நானும் வாரேன், பாப்பாவும் வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மெக்கானிக் மாமா முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காக. ஆறட்டும்" என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். பிறகு ஸ்டார்ட் செய்து புகையைப் பார்த்தார். நீலமாகப் புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தமாம். அப்படி வரவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸில் துருவும் வெல்டிங்கும் இருக்கிறதா என்று சுரண்டினார். தரைத் தகடு மட்டும் ஓட்டை. அண்ணன் அதற்குள் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆர்.சி.யை என் கையில் கொடுத்தார். சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியில் அடித்திருந்ததோடு ஒத்துப் பார்த்தேன். சரி. 15 வருடம் முடிந்து, 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்ததும் சரி. ஆனால் ஓர் இடத்தில் பைனான்ஸ் பெயர் இருந்தது.

"அதெல்லாம் எப்பவோ கட்டியாச்சு பாப்பா" என்றார் வண்டிக்காரர்.

"அப்ப என்.ஓ.சி. இருக்கணுமே மாமா?" என்று கேட்டேன். சித்தப்பா பழைய பைக் வாங்கி, அதைப் பைனான்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போனபோது எங்கள் வீட்டில் தினமும் கேட்ட வார்த்தை அது.

அவர் பதில் சொல்லவில்லை. அம்மா பணப்பையை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்துவிட்டார். "வேற ஆள் வாங்கிட்டுப் போயிருவான், எல்லாம் இவளால" என்று அண்ணன் பஸ்ஸில் கத்தினான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். இன்னும் ஐந்து தவணை பாக்கியாம். அவர் அதைக் கட்டி, என்.ஓ.சி.யும் பைனான்ஸ் முத்திரை போட்ட 35ஆம் நம்பர் படிவமும் வாங்கி வந்த பிறகுதான் அம்மா பணத்தை எண்ணிக் கொடுத்தார். 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் அண்ணன் பெயருக்கு மாற்றினோம்.

இப்போது ஜீப் தோப்புக்குப் போகிறது. அம்மா ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார். நம்முடையது வெள்ளை போர்டு, வாடகைக்கு ஆள் ஏற்றக் கூடாது. தளம் போடுகிற வேலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. மழை வந்தால் இன்னும் பாத்திரம் வைக்கிறோம்.

என் வகுப்புப் பையன்கள், "ஒரு ரவுண்டு நாங்க ஓட்டட்டுமா?" என்று கேட்கிறார்கள். 18 வயது ஆகாதவர் ஓட்டினால், 2019இல் திருத்திய சட்டப்படி வண்டிக்காரருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை ஜெயிலும் உண்டு. அதனால் யாரும் கேட்காதீர்கள்!

நண்பர்களே, வண்டி வாங்கும்போது பெரியவர்கள் என்ஜினைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள். பேப்பரை நாம் வாங்கிப் படிப்போம். நம்மைப் பள்ளிக்கு அனுப்புவது அதற்கும் சேர்த்துத்தான்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி