146-க்கு 146

தேர்வு முடிவு வந்த வாரம் இது. "மொத்த மார்க் ஒண்ணுதான் சார், ஆனா என் பையனுக்கு ஏன் ரேங்க் பின்னாடி?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகத் தட்டச்சு செய்தால் விரல் வலிக்கிறது. அதனால் எல்லோருக்குமாக ஒரு பாட்டுப் போட்டியைப் பற்றி எழுதுகிறேன். சம்பந்தம் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

ஐரோப்பாவில் 1956-லிருந்து யூரோவிஷன் என்றொரு போட்டி நடக்கிறது. நாட்டுக்கு ஒரு பாட்டு. என் பேத்திக்கு அதில் பைத்தியம். அவள் போனில் போட்டுக் காட்டியதில் என் மனதில் நின்றவர் சுவீடன் பாடகி கரோலா.

1983-இல், பதினாறு வயதில், உள்நாட்டுத் தேர்வுப் போட்டியில் எல்லா நடுவர் குழுக்களிடமும் முழு மதிப்பெண் வாங்கினார். நம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் நூறு வாங்கும் பிள்ளை மாதிரி. ஆனால் மியூனிக்கில் நடந்த யூரோவிஷனில் மூன்றாம் இடம்தான் கிடைத்தது. 1990-இல் மீண்டும் முயன்றபோது உள்நாட்டிலேயே இரண்டாவது. அடுத்த வருடமும் விடாமல் வந்தார். புயற்காற்றில் அகப்பட்டதைப் பற்றிய ஒரு சுவீடிஷ் பாட்டோடு 1991 மே 4 அன்று ரோமில் மேடையேறினார். அப்போது வயது 24.

அன்று 22 நாடுகள் கலந்துகொண்டன. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுக்கு 12, 10, பிறகு 8 முதல் 1 வரை புள்ளி கொடுக்கும். தன் பாட்டுக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது. நிகழ்ச்சியை நடத்தியவர்கள் முன்னாள் வெற்றியாளர்களான ஜிலியோலா சின்குவெட்டியும் டோட்டோ குட்டுன்யோவும். குட்டுன்யோ எண்களைச் சொல்லத் தடுமாறுவதைப் பார்த்து நானும் பேத்தியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கடைசியாக வாக்களித்தது இத்தாலி. அதுவரை சுவீடன் 146, இஸ்ரேல் 139, பிரான்ஸ் 134. சுவீடனுக்கும் இஸ்ரேலுக்கும் இத்தாலி ஒரு புள்ளிகூடப் போடவில்லை. பன்னிரண்டையும் தூக்கிப் பிரான்ஸுக்குக் கொடுத்தது. 134-உடன் 12 கூட்டினால் 146!

பிரான்ஸுக்காகப் பாடியவர் துனீசியாவில் பிறந்த ஆமினா. கரோலா மேடை முழுக்க ஆடிப் பாடினார் என்றால், இவர் நின்ற இடத்திலிருந்தே அமைதியாகப் பாடினார். இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1969-இல் மாட்ரிட்டில் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் நான்கும் தலா 18 புள்ளி பெற்றன. சமநிலைக்கு விதியே எழுதி வைக்கவில்லை, நான்கையும் முதலிடம் என்று அறிவித்துவிட்டார்கள். சில நாடுகளுக்குக் கோபம். அடுத்த வருடம் போட்டிக்கே வராத நாடுகளில் சுவீடனும் ஒன்று. அதன் பிறகுதான் விதி எழுதினார்கள், பின்னால் அதையும் மாற்றினார்கள். 1991-இல் இருந்த விதிப்படி முதலில் யாருக்கு 12 அதிகம் என்று பார்க்க வேண்டும். இருவருக்கும் நான்கு! அடுத்தது 10. கரோலாவுக்கு ஐந்து, ஆமினாவுக்கு இரண்டு. கோப்பை சுவீடனுக்குப் போனது.

நான் கணக்கு வாத்தியார் அல்லவா, தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 12-களையும் 10-களையும் கழித்தால் கரோலாவுக்கு மீதி 48, ஆமினாவுக்கு 78. அதாவது கரோலாவை மிகவும் பிடித்தவர்கள் அதிகம். ஆமினாவை ஓரளவு பிடித்தவர்கள் பரவலாக இருந்தார்கள். பிற்காலத்தில், எத்தனை நாடுகள் புள்ளி கொடுத்தன என்பதை முதலில் பார்ப்பதாக விதி மாறியது. அந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் ஆமினா 18, கரோலா 17. கோப்பை பாரிஸுக்குப் போயிருக்கும்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு வருடம் இரண்டு பெண் பிள்ளைகள் 500-க்கு 462. மொத்தம் சமமானால் கணக்கு மதிப்பெண் பார்ப்போம் என்று ஆண்டு ஆரம்பத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. அதன்படியே பரிசு கொடுத்தோம். விழா முடிந்ததும் இரண்டாமவளின் அப்பா என்னிடம் வந்தார். தறி ஓட்டுபவர், குரலே உயர்த்த மாட்டார். "ரூல் சரிதாங்க சார். கணக்குக்குப் பதிலா தமிழைப் பார்த்திருந்தா எம்பொண்ணுதானுங்களே?" என்றார். "ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? அடுத்த வருடத்திலிருந்து நாங்கள் மூன்று ஆசிரியர்கள் கைக்காசு போட்டு ஒரு கோப்பை அதிகமாக வாங்கி பீரோவில் வைத்தோம். நான் ஓய்வு பெறும் வரை அது தேவைப்படவே இல்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் இந்தப் பதிவைப் படிப்பார்கள். பெயர் சொல்லவில்லை தாயி, பயப்பட வேண்டாம்.

கரோலா 2006-இல் ஏதென்ஸுக்கும் போனார், 39 வயதில். ஐந்தாம் இடம். பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கொஞ்சமும் குறையாத உற்சாகத்தோடு பாடுகிறார், பாருங்கள்.

1991 காணொளிகள் இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் ஆமினாவைக் கேளுங்கள், பிறகு கரோலா. 12 யாருக்கு, 10 யாருக்கு என்று கீழே எழுதுங்கள். இரண்டு பேருக்கும் 12 போடுவது செல்லாது. என் மதிப்பெண்ணை ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.