தொண்ணூறுக்கு அறுபது

1998ஆம் ஆண்டு நாங்கள் மூவரும் காவிரிப் படுகையில் ஓர் அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களாக இருந்தோம். பகலில் பிரசவ வார்டு, ஒழிந்த இரவுகளில் பணியறையின் மங்கிய விளக்கொளியில் சிற்றிதழ்கள். அந்த ஆண்டைப் பற்றி எங்களில் எவரும் இதுவரை எழுதியதில்லை. எழுத அமர்ந்தால் ஓர் இரவு மட்டுமே முன்னால் வந்து நின்றுகொள்வது காரணமாக இருக்கலாம்.

ஐப்பசி அடைமழை. நள்ளிரவு கடந்து ஒரு வாடகை வேனில் அவளைக் கொண்டுவந்தார்கள். குழந்தை பிறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கருப்பை சுருங்காமல் துவண்டு கிடந்தது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலாக இரத்தம் பாய்கிறது. பிரசவம் முடிந்ததும் அது இறுகித் தன் குழாய்களைத் தானே நெரித்து மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் மிஞ்சுவது நிமிடக் கணக்குதான்.

ஆக்சிடோசின், மெதர்ஜின், இரு கைகளிலும் ரிங்கர் லாக்டேட். வயிற்றின்மேல் கைவைத்து கருப்பையை அழுத்திப் பிசைந்தோம். போக்கு குறைந்ததே தவிர நிற்கவில்லை. இரத்த அழுத்தத்தின் மேல் எண் 60. அவளுடைய வகை இரத்தம் ஒரே ஒரு பாட்டில் இருந்தது. கணவனும் தமையனும் கொடையாளர் தேடி மழைக்குள் ஓடினார்கள். அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல்தான் டோபமின் மருந்தை எடுத்தோம். யாரும் சொல்லவில்லை, நாங்களாகவே எடுத்தோம். 200 மில்லிகிராம் ஆம்பூலை உடைத்து மருந்தைப் பாட்டிலில் சேர்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணினோம். கால் மணி நேரத்தில் 90/60. அந்த எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதியபோது எங்களுக்கு உண்டான நிம்மதியை இன்று நினைக்கவும் கூசுகிறது. எங்களில் ஒருவர் வெளியே போய், "பிரஷர் ஏறிடுச்சும்மா" என்று அவள் தாயிடம் சொன்னார். அந்த அம்மாள் கைகூப்பினார்.

அடுத்த நாற்பது நிமிடங்கள் சீஃபை அழைக்காமல் இருந்தோம். எண்தான் நன்றாக இருந்ததே.

பிறகு அழைத்தோம். சீஃப் அம்மா நனைந்த சேலையோடு வந்தார். இரத்த அழுத்தக் கருவியின் பக்கம் திரும்பவே இல்லை. அவளுடைய பாதத்தைத் தொட்டார். கட்டிலடியில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தார். "காலைத் தொட்டுப் பாத்தீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டார். குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

தமிழில் இரத்த அழுத்தம் என்றும் இரத்த ஓட்டம் என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நாங்கள் முன்னதைக் கண்டு பின்னது இருப்பதாக நம்பிவிட்டோம். டோபமின் இதயத்தை வேகமாகவும் பலமாகவும் அடிக்க வைக்கும். அளவு கூடினால் குழாய்களை நெரிக்கவும் செய்யும். ஆனால் இரத்தம் வடிந்த உடலில் இதயம் ஏற்கெனவே நிமிடத்துக்கு 140 முறை அடித்துக்கொண்டிருக்கிறது. உடலே சுரந்த அட்ரினலின் குழாய்களை நெரித்துவிட்டிருக்கிறது. அதற்கு மேலும் தூண்டுவது, வற்றிய கிணற்றில் மோட்டாரை ஓட்டுவது. படுகையில் பிறந்த எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கிளை வாய்க்கால்களின் மதகை அடைத்தால் ஆற்றில் நீர்மட்டம் உயரத்தான் செய்யும். கரையில் நின்று அளப்பவனுக்குத் திருப்தி. கடைமடை காயும். சிறுநீரகம், குடல், விரல் நுனிகள் எல்லாம் உடலின் கடைமடைகள்.

இதொன்றும் புதிய ஞானமில்லை என்பது பின்னர் படித்தபோது தெரிந்து இன்னும் வலித்தது. அதிர்ச்சி என்பது குழாய்களை ஆளும் நரம்பு மையம் களைத்துப்போவதே என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் நம்பினார். அப்படியானால் தூண்டும் மருந்தே தீர்வு. 1930இல் ஆல்ஃபிரட் பிளாலாக் தம் ஆய்வுகளில், காயப்பட்ட இடத்தில் இழக்கப்படும் இரத்தமும் நீர்மமுமே காரணம் என்று காட்டினார். அவருக்கும் முன்பே, முதல் உலகப் போரின் காயம்பட்டவர்களை பிரான்சில் கவனித்த வால்டர் கேனன் 1918இல் ஒன்றை எழுதியிருந்தார்: கசிவை அடைக்க அறுவை மருத்துவர் ஆயத்தமாகும் முன் அழுத்தத்தை உயர்த்தினால், மிச்சமிருக்கும் இரத்தமும் வெளியேறும். எங்கள் இரவுக்கு எண்பது ஆண்டுகள் முன்பு.

அதற்காக இம்மருந்துகளை விலக்கப்பட்டவை என்று சொல்ல நாங்கள் துணியவில்லை. எங்களில் ஒருவர் இப்போது மயக்கவியல் மருத்துவர். இரத்தம் ஏறிக்கொண்டிருக்கையில், கிழிந்த தமனியை அறுவை மருத்துவர் பிடிக்கப்போகும் அந்தச் சில நிமிடங்களில், இதயம் நின்றுவிடாதிருக்க நார்அட்ரினலினைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்திருக்கிறார், ஆட்கள் பிழைத்திருக்கிறார்கள். பிலடெல்பியாவில் காயமுற்ற 100 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், சிறிய அளவில் வாசோபிரசின் பெற்றவர்களுக்கு ஏற்ற வேண்டியிருந்த இரத்தப் பொருட்களின் அளவு குறைந்தது. உயிர் பிழைத்தவர்களின் விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. பேறுகாலக் குருதிப்போக்குக்கு டிரானெக்சாமிக் அமிலத்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் நேரும் இறப்புகள் குறைகின்றன என்பது இருபதாயிரம் பெண்களை உட்படுத்திய ஆய்வால் 2017இல் தெரியவந்தது. அன்று எங்களிடம் அது இல்லை. ஆனால் சீஃபின் வீட்டுத் தொலைபேசி எண் இருந்தது.

கருப்பையை அகற்றினார்கள். விடியற்காலை கொடையாளர்கள் நால்வர் ஒரு டிராக்டரில் வந்து இறங்கியபோது அவள் இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. முன்பே அழைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று சீஃபிடம் நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்தக் கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் 1.50 மணிக்கு எங்கள் கையெழுத்தில் 90/60 என்று இருக்கும். அதன்கீழ் 1.55க்குச் சீஃபின் கையெழுத்து: பாதங்கள் சில்லிட்டுள்ளன, சிறுநீர் இல்லை.