கல் குடிக்கிற கணக்கு

பிப்ரவரி 2, திங்கள்

காரைக்குடி. இரண்டாங்கட்டில் புது ஆத்தங்குடிக் கல் பதித்து நாலு வாரம் ஆகிறது. பொங்கலுக்கு முன்பே வெள்ளை சிமென்ட் வைத்து இடுக்கெல்லாம் அடைத்தாயிற்று. மேஸ்திரி கறுப்புக் கலர் போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார். பூசாத பச்சைக் கல்லில் கறுப்பைத் தேய்த்தால் கல்லும் சேர்ந்து குடித்துவிடும் என்று மறுத்துவிட்டேன். அந்த ஒன்றிலாவது எனக்குப் புத்தி இருந்திருக்கிறது.

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட வருகிறவர்கள் மறுநாள் மதியம் இந்தத் தரையில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முப்பது இலை விழும். அதற்குள் எதைப் பூசுவது என்று முடிவாக வேண்டும்.

ஆத்தாவுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. "தேங்கா எண்ணெயத் தொட்டுத் துடைச்சாப் போதும் தம்பி. முகப்புக் கல்லப் பாரு, ஐயா காலத்துக் கல்லு." போய்ப் பார்த்தேன். முகம் தெரிகிறது. ஆனால் அந்தப் பளபளப்பு 80 வருஷத்துக் காலடியும் எண்ணெயும் சேர்ந்து கொடுத்தது. எனக்கு இருப்பது 14 நாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆத்தங்குடிக் கல் சூளையைப் பார்க்காத கல். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமென்ட் குழம்பை ஊற்றி, அதன் மேல் உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, கலவை வைத்து அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். முகத்தில் இருக்கும் வழவழப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. மற்றபடி அது சிமென்ட்தான், குடிக்கும்.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் கறுத்து உள்ளே இறங்கிவிட்டது. அடுப்படிச் சுவரின் கிளேஸ் டைல்ஸில் விட்ட சொட்டு அரை மணி கழித்தும் முத்தாக நின்றது. அதற்கு எதுவும் தேவையில்லை. பூசினாலும் உள்ளே போக வழியில்லாமல் மேலேயே திட்டுத் திட்டாகக் காயும். அங்கே குடிப்பது நடுவில் ஓடுகிற சிமென்ட் கோடு மட்டும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால் எபாக்சி வைத்திருக்கிறோம், அதுவும் குடிக்காது. ஆக, மொத்த அடுப்படிக்கும் ஒரு சின்ன பிரஷ் போதும்.

பிப்ரவரி 4, புதன்

கடைக்காரர் சீலரில் இரண்டு ரகம் எடுத்து வைத்தார். ஒன்று மேலே படலமாக நிற்கிற அக்ரிலிக். பூசிய கல் மழையில் நனைந்த மாதிரி மினுக்குகிறது, அவர் அதைத்தான் தள்ளிவிடப் பார்த்தார். இன்னொன்று உள்ளே இறங்குகிற ரகம். பூசினாலும் பூசினதாகவே தெரியாது, விலையோ கூட. இதில் சிலேன், சிலாக்சேன் என்று இருப்பவை கல்லின் துளைச் சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தள்ளும். துளையை அடைக்காததால் அடியிலிருந்து வரும் ஈரம் ஆவியாகப் போய்விடும். ஆனால் தண்ணீரைத் தள்ளுவது எண்ணெயையும் தள்ளும் என்று இல்லை. சாப்பாட்டுத் தரைக்கு எண்ணெய்தானே முதல் எதிரி? அதற்கு ஃப்ளூரோ சேர்ந்த சரக்கு வேண்டும். டப்பாவின் பின்பக்கத்தை நான் படிக்க ஆரம்பித்ததும் கடைக்காரருக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. இரண்டிலும் சின்ன டப்பா வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மிச்சக் கல் நாலு இருந்தது. ஒன்று சும்மா. ஒன்றுக்கு ஆத்தாவின் தேங்காய் எண்ணெய். ஒன்றுக்கு அக்ரிலிக். ஒன்றுக்கு உள்ளிறங்கும் சீலர். நேற்று முழுக்கக் காயவிட்டு, இன்று காலை நாலின் மேலும் மஞ்சள் தண்ணீர், டிகாக்ஷன், நல்லெண்ணெய், எலுமிச்சைச் சாறு வரிசையாக. 15 நிமிஷம் கழித்துத் துடைத்தேன்.

சும்மா இருந்த கல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எண்ணெய்க் கல்லில் தண்ணீர் கொஞ்சம் தயங்கியது, மஞ்சள் தயங்கவில்லை. ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்ரிலிக் கல்லில் ஒரு கறையும் இல்லை. எனக்கே மனசு ஆடிப்போயிற்று. பிறகு சாவியால் ஒரு கீறு கீறினேன். வெள்ளைக் கோடு. பெஞ்சு இழுபடுகிற இடத்தில் இது எத்தனை நாள் தாங்கும்? நாலாவது கல்லில் மஞ்சளும் டிகாக்ஷனும் எண்ணெயும் துணியோடு வந்துவிட்டன.

எலுமிச்சை மட்டும் வரவில்லை. கறை இல்லை, தடம். பளபளப்பு போய் மங்கலாக ஒரு வட்டம், விரலில் சொரசொரப்பு. புளிப்பு சிமென்டையே தின்கிறது. சீலர் கறை உள்ளே இறங்காமல் தடுக்கும், மேல் தோல் கரைவதைத் தடுக்காது. கடையில் இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 7, சனி

காலையில் கையாள் ஒரு பாட்டிலோடு வந்து நிற்கிறான். கல் மேல் படிந்த சிமென்ட் பாலை எடுக்க பாத்ரூம் ஆசிட். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே மூலையில் ஊற்றிவிட்டான். புஸ்ஸென்று நுரை. ஓடிப்போய் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தேன். எலுமிச்சை 15 நிமிஷத்தில் செய்ததை இது கண்ணிமைப்பில் செய்துவிட்டது. மூலைக் கல் செத்துப்போச்சு, இடுக்கும் அரித்திருக்கிறது.

"எல்லா வீட்லயும் இப்படித்தாண்ணே செய்றோம்" என்றார் மேஸ்திரி. மற்ற வீட்டில் இருப்பது சுட்ட டைல்ஸ். பாவம், அவர் பழக்கம் அது. மரத்தூளும் ஈரத்துணியும் கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். அரை நாள் ஆயிற்று.

பிப்ரவரி 8, ஞாயிறு

18 அங்குலச் சதுரத்துக்குப் பாலிதீன் தாள் இரண்டு வெட்டி, நாலு ஓரமும் டேப் ஒட்டி நேற்று மாலை தரையில் விட்டிருந்தேன். இன்று மதியம் பிரித்தால், நடுவில் உள்ளது காய்ந்திருந்தது. முற்றத்து ஓரத்தில் உள்ளதன் அடியில் வியர்த்திருக்கிறது. இந்த ஈரத்தோடு பூசினால் உப்பு பூக்கும்போது சீலருக்குக் கெட்ட பேர் வரும். இரண்டு நாள் மின்விசிறி ஓடட்டும். ஆத்தாவுக்கு மின்சாரக் கட்டணக் கவலை.

பிப்ரவரி 11, புதன்

மறுபடி தாள் ஒட்டிப் பார்த்ததில் ஈரமில்லை. வெயில் ஏறி முற்றத்து ஓரம் சூடாவதற்குள் முடிக்க வேண்டும், சூட்டில் இறங்குவதற்கு முன்பே காய்ந்துவிடும். ஆறரைக்கு ஆரம்பித்தோம். அடுப்பை அணைத்து, சன்னலெல்லாம் திறந்து வைத்தும் தின்னர் வாடை தலைக்கு ஏறியது.

முதலில் இடுக்குகளில் பிரஷ், பிறகு கல் முழுக்க. மூன்றுக்கு மூன்றடியாகப் பிரித்துக்கொண்டோம். கல் குடிக்கிறவரை விட்டு, பத்து நிமிஷத்தில் மேலே நிற்பதைப் பனியன் வேஸ்ட்டால் ஒட்ட எடுத்துவிட வேண்டும். பூசுவதைவிடத் துடைப்பதுதான் வேலை. டப்பாவில் லிட்டருக்கு 100 சதுர அடி என்று போட்டிருந்தது, எங்கள் கல் 60 தாண்டவில்லை. மேஸ்திரியை வண்டியில் கடைக்கு விரட்டினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

நேற்று மேஸ்திரி திரும்பி வந்த அவசரத்தில் தூணோரம் ஒரு சதுரத்தைத் துடைக்க மறந்திருக்கிறோம். இன்று அது பால் ஊற்றிக் காய்ந்தது மாதிரி, தொட்டால் பிசுபிசுப்பு. மேஸ்திரி தகடு எடுத்துச் சுரண்டப் போனார். அதே சீலரை அதன் மேல் கொஞ்சம் தடவி, இளகியதும் உடனே அழுத்தித் துடைக்க, போய்விட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மாலையில் சொட்டு விட்டேன். உருண்டு நின்றது. ஆத்தா குனிந்து பார்த்துவிட்டு, "தாமரை இலையாட்டம்ல இருக்கு" என்றார்.

பிப்ரவரி 16, திங்கள்

இரண்டு பந்தி. சாம்பார் கொட்டியது, ரசம் வழிந்தது, ஒரு பொடியன் பாயசத்தைக் கவிழ்த்தான். எல்லாம் துடைக்கத் துடைக்க வந்தது. எலுமிச்சை ஊறுகாயை மட்டும் இலை ஓரத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்கும்படி பரிமாறியவர்களிடம் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு எப்போதும் வைக்கிற இடத்திலேயே வைத்தார்கள்.

சாயங்காலம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஐந்தாவது வரிசையில் ஒன்று, நகக்கண் அளவு. ஆத்தாவிடம் சொல்லவில்லை.